மூன்று ரயில்கள்

நீராவி ரயில் வளைவில் திரும்ப, கரித்தூள் ஜன்னல் வழியே வந்து அவன் மாமியாரின் முந்தானையில் ஒட்டுகிறது. எந்தப் பழைய ரயிலில் போகலாம் என்று எதிரில் இருப்பவர் கேட்க, அவன் மளமளவென்று ஒப்பிடுகிறான்: ஏரிக்கரை ரயிலில் பாலங்கள் அழகு, காட்டு ரயிலில் குகைகள் அதிகம், இதில் ஏற்றம்தான் விசேஷம். எதில் போவதென்று ஐந்து வருடம் பட்டியல் போட்டான். "ஏதாவது ஒண்ணுல கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டுக் கேட்டே மனைவி போய்ச் சேர்ந்தாள். இன்றுதான் முதன்முதலாக ஏறியிருக்கிறான். "என் மாப்பிள்ளை ஒண்ணையும் விட்டு வைக்கல," மாமியார் எதிரில் இருப்பவரிடம் பூரிக்கிறாள். "என் பொண்ணு குடுத்து வச்சவ, எல்லாத்தையும் பாத்துட்டுதான் போயிருக்கா. அவளுக்கு எது ரொம்பப் பிடிச்சுது மாப்பிள்ளை?" அவன் காது சுடுகிறது. "இதுதான் அத்தை," என்கிறான். மாமியார் ஜன்னலின் மரச்சட்டத்தை மெல்லத் தடவிக்கொடுக்கிறாள்.