ஐஸ்கட்டி வீட்டுக் கதவு

தட்டித் தட்டி அவருக்குக் கை சிவந்துவிட்டது.

"ஏய், நான்தான். கதவைத் திற."

"தெரியுது. இத்தனை வருஷமா கேட்கிற குரல் தெரியாமப் போகுமா?"

உள்ளேயிருந்து மனைவி நிதானமாகத்தான் பதில் சொன்னாள். தாழ்ப்பாள் மட்டும் அசையவில்லை.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடிநீர் அலுவலகத்தின் புகார் கவுண்டரில் பகல் முழுக்க உட்கார்ந்து, ஊர் வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிற மனுஷன். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அவரைத்தான் திட்டுவார்கள். கலங்கலாக வந்தாலும் அவரைத்தான்.

இன்றைக்கு முதல் ஆளாக வந்த பெண்மணி, கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து அழுக்குத் தண்ணீரை மேஜைமேலேயே கவிழ்த்துவிட்டாள். சட்டையெல்லாம் நனைந்துபோனது. அதற்கும் அவர், "முதல்ல உட்காருங்கம்மா. எப்படி மூச்சு வாங்குது பாருங்க" என்றுதான் சொன்னார்.

அலுவலகத்தில் அவருக்கு 'ஐஸ்கட்டி' என்றே பெயர்.

அப்பேர்ப்பட்டவரை இப்படி வாசலில் நிறுத்தி வைத்தால்?

எதிர்வீட்டுக்காரருக்கே மனசு பொறுக்கவில்லை. பனியனோடு வெளியே வந்துவிட்டார்.

"என்ன சார் அநியாயம் இது? உழைச்சுக் களைச்சு வர்ற மனுஷனுக்கு இதுதான் மரியாதையா?"

"விடுங்க சார். ஏதோ கோபம்."

"எப்படி விடறது? போன வாரம்கூட சர்ச்சுல போதகர் உங்களைத்தானே உதாரணம் காட்டிப் பேசினார்! நீங்க இப்படி வாயில்லாப் பூச்சியா இருக்கறதாலதான் இவ்வளவும்."

சொல்லிவிட்டு, மூடிய கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"ஏம்மா தங்கச்சி! மனுஷன்கிட்ட ஒரு குடி உண்டா, கூத்து உண்டா? தங்கமான புருஷன்மா. அருமை தெரியாம இருக்கியே!"

"தெரியும் அண்ணே. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நேர்லயே போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

ஐஸ்கட்டியின் புருவம் நெளிந்தது.

"எங்க போயிருந்தே?"

"உங்க ஆபீசுக்கு. கண்ணாடியைக் காணோம்னு காலையில வீட்டை ரெண்டாக்கிட்டுப் போனீங்களே, அதைக் கொடுக்கறதுக்கு."

வாட்ச்மேன் கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டியது அவருக்கு ஞாபகம் வந்தது. எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. வாங்கி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருந்தார்.

"ஒரு கண்ணாடிக்கா இந்த நாடகம்? தெருவே சிரிக்கும். திறடி!"

"திறக்க மாட்டேன். பொண்ணு உள்ள துணிமணியைப் பையில திணிச்சுட்டிருக்கா. சித்தி வீட்டுக்குப் போறாளாம். இனிமே அங்க இருந்தே காலேஜுக்குப் போய்க்கறாளாம். நீங்க இப்படியே உள்ள வந்தீங்கன்னா அவ வெளிய போயிடுவா."

"போகட்டுமே! யாரு தடுத்தா? வெச்ச பொருளை வெச்ச இடத்துல வெக்கத் தெரியாத கழுதைக்கு ரோஷம் ஒண்ணுதான் குறைச்சல்!"

"அவ எடுக்கலைன்னு எத்தனை தடவை சொன்னா?"

"எதிர்த்துப் பேசினா. கை ஓங்கினேன். பெத்தவனுக்கு அதுகூட உரிமை இல்லையா? இப்பத் திறக்கறியா, உதைச்சுத் திறக்கட்டுமா?"

கேட்டு முடிக்கும் முன்பே கதவில் உதை விழுந்தது. நிலை அதிர்ந்தது.

எதிர்வீட்டுக்காரர் இரண்டடி பின்வாங்கினார். மூடிய கதவைத் தாண்டி எப்போதாவது வரும் இந்தக் குரலை, இத்தனை நாளும் அவர் டிவி என்றே நினைத்திருந்தார்.

"கண்ணாடி எங்க இருந்துது தெரியுமா?" மனைவியின் குரல் இப்போது கதவை ஒட்டி வந்தது. அதில் அழுகை இல்லை, கொதிப்புதான் இருந்தது. "நேத்து நீங்க கழட்டிப் போட்ட சட்டைப் பையில."

அவர் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"பொண்ணைக் கூசாம அடிச்சுட்டுப் போற மனுஷன் ஆபீஸ்ல என்ன கிழிக்கிறார்னு பார்ப்போம்னு, ஆத்திரத்தோடதான் வந்தேன். கவுண்டர் இன்னும் திறக்கல. நீங்க ஷட்டர்ல நெத்தியை வெச்சுட்டு நின்னீங்க. 'ஆண்டவரே, எனக்குப் பொறுமை கிடையாது. வர்ற ஜனங்களை என்னால தனியாச் சமாளிக்க முடியாது. நீங்க கூட வந்து உட்காருங்க'ன்னு சொன்னீங்க. தினமும் இப்படித்தான்னு வாட்ச்மேன் சொன்னார்."

எதிர்வீட்டுக்காரர் மெல்லத் தன் வீட்டுப் படியேறினார்.

"சத்தியமாச் சொல்றேன், அதை நான் வேஷம்னு நினைக்கல. நீங்க கூப்பிட்டீங்க, ஆண்டவர் வந்தார். அந்தம்மா தண்ணியைக் கொட்டினப்போ நான் வரிசைக்குப் பின்னாலதான் நின்னேன். அந்தக் கவுண்டர்ல நான் பார்த்த மனுஷனை இந்த வீட்டுக்குள்ள ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை."

உள்ளே எங்கோ ஒரு பையின் ஜிப் இழுபட்டு மூடும் சத்தம் கேட்டது.

"பேர் தெரியாத ஜனங்ககிட்டப் பேசறதுக்குக்கூட ஆண்டவரைக் கூட்டிட்டுப் போறீங்க. பெத்த பொண்ணுகிட்டயும் கட்டினவகிட்டயும் மட்டும் ஏங்க தினமும் தனியா வர்றீங்க?"