மில்லுக்குப் பக்கத்து வீடு

"ஏனுங்க, ஊரே கையெழுத்துப் போட்டிருக்குது. நீங்க மட்டும் பேனாவைக் கீழ வெச்சுட்டா எப்படிங்க?"

அதே தெருவில் குடியிருக்கும் கந்தப்பன் தொண்டை கிழியக் கத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஷஃபியுல்லா ராவுத்தரின் அரிசி மில் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் எஞ்சின் போட்ட போட்டில் மேசைமேல் மைக்கூடு நடுங்கியது.

பத்திரம் எழுதும் தண்டாயுதபாணி மனுவை ஒருமுறை படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் போடலீங்க."

"மில்லைச் சந்தைப்பேட்டைப் பக்கம் மாத்தச் சொல்லித்தானுங்க கேக்கறோம். ராவுத்தரோட சொந்த மச்சான் ஹனீப்பே போட்டுட்டாரு. செவுத்தோட செவுரு ஒட்டிக் குடியிருக்கறது நீங்க. உங்க கையெழுத்து இல்லீன்னா தாசில்தாரு இதை ஒரு மனுவாவே மதிக்க மாட்டாருங்க."

"ஒரு மனுசன் பாடுபட்டு வெச்ச தொழிலுங்க. சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கிட்டாப் போச்சு."

கந்தப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மாசாமாசம் அரிசி வந்துருதாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி தெய்வநாயகி வந்து காதருகே குனிந்தாள். "இந்தப் பேச்செல்லாம் கேக்கோணுமாங்க? உள்ளதைச் சொல்லிப்போட்டா என்ன?"

"என்னன்னு சொல்றது? ரெண்டு காதும் இரையுதுன்னா? அப்புறம் எவன் என்கிட்டப் பத்திரம் எழுத வருவான்? சர்வே நெம்பரை மாத்திக் கேட்டு எழுதிப்போட்டா நம்ம காடே போயிருமேன்னு பயப்பட மாட்டானா?"

அவள் மைக்கூட்டை மேசை நடுவுக்கு நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மேட்டூர் அணை கட்டியபோது தண்டாயுதபாணி அங்கே குமாஸ்தா. பாறைக்கு வெடி வைக்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கொட்டகை போட்டு, வேலைக்கு வந்த ஆட்களின் பேரை எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து வருடம். அணை கட்டி முடிந்தது, வெடியும் நின்றது. ஆனால் காது மந்தமாகி, உள்ளே ஒரு சில்வண்டு குடியேறியிருந்தது. அது நிற்கவே இல்லை.

பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டார்கள். மேச்சேரியில் மந்திரித்தார்கள். நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் பரவாயில்லை. சந்தடி அடங்கினால் போதும், மண்டை முழுக்க அதுதான். ஒரு நாள் கிணற்று மேட்டில் நின்று வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவரை, தெய்வநாயகிதான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அன்றிலிருந்து அவரைத் தனியாக விடுவதற்கே அவளுக்குப் பயம்.

கடைசியில் சேலத்து டாக்டர் ஒருவர் உள்ளதைச் சொன்னார். "இதுக்கு மருந்து இல்லை. அதோட சண்டை போடாதீங்க. பக்கத்துல வேற ஏதாவது சத்தம் ஓடிக்கிட்டே இருக்கட்டும். மனசு தானா அந்தப் பக்கம் போயிடும்."

அதன் பிறகுதான் ராசிபுரம் வந்து, யாரும் குடிவராமல் பூட்டிக்கிடந்த இந்த வீட்டைத் தேடிப் பிடித்தார். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் சில்வண்டு அடங்கிவிடும். பேனா நிற்காமல் ஓடும். படுக்கும் நேரத்துக்கு, பானையில் பொத்தல் போட்டு அண்டாவுக்குள் தண்ணீர் சொட்டும்படி வைத்தாள் தெய்வநாயகி. இந்த வீட்டில் இன்னொரு வசதியும் இருந்தது. யார் வந்தாலும் கத்தித்தான் பேசியாக வேண்டும். அதனால் அவருக்குக் காது மந்தம் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் தாசில்தார் நேரில் விசாரிக்க வந்தார். அவரே ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்டார்.

"உமக்கு இது தொந்தரவாக இல்லையா?"

"இல்லீங்க. பழகிப்போச்சுங்க."

மனு தள்ளுபடி ஆனது. தெருவில் அவரோடு பேச்சு நின்றது. எதிரே வந்தால் கந்தப்பன் சந்துக்குள் திரும்பிவிடுவார். தண்டாயுதபாணிக்கு அதுபற்றிக் கவலையில்லை. மில் காலையில் ஓடியது, மாலையில் நின்றது. வெகுநாளைக்குப் பிறகு அவர் வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுப்பதைத் தெய்வநாயகி பார்த்தாள்.

பத்தாம் நாள், நடுப்பகலில் எஞ்சின் நின்றது. சில்வண்டு எழுந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் ராவுத்தரே வந்தார். கையில் ஒரு சீப்புப் பழம்.

"வாங்க ராவுத்தரே, உக்காருங்க. மிசினு ஏனுங்க நின்னுபோச்சு?"

"அதைச் சொல்லத்தானுங்க வந்தேன்." மில்லுக்குள் பேசிப் பழகிய உரத்த குரல்தான்; ஆனால் ராவுத்தருக்குக் கண் கலங்கியிருந்தது. "என் மச்சானே எனக்கு எதிராக் கையெழுத்துப் போட்டான். நீங்க எனக்கு உறவுமில்ல, ஒட்டுமில்ல. விடிஞ்சதுல இருந்து பொழுது உழுகற வரைக்கும் அத்தனையும் தாங்கிக்கிட்டு, ஒரு வார்த்தை குத்தமாச் சொல்லலீங்க. அன்னைக்குத் தாசில்தாருகிட்ட நீங்க சொன்னதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க."

"அதெல்லாம் பெருசில்லீங்க. மறுபடி எப்ப ஓடும்?"

தெய்வநாயகி கதவோரம் வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை ஓடுமுங்க." ராவுத்தர் தண்டாயுதபாணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எஞ்சினைக் கழட்டச் சொல்லிட்டேன். இப்பத்தான் ஊருக்குக் கரண்டு வந்துருச்சில்லீங்க, அதுல ஓடற மோட்டாரு சேலத்துல இருந்து கெளம்பிருச்சு. நெல்லு அரைக்கற மிசினையும் அந்தக் கோடிக்கு மாத்திடறேன். உங்க ஒருத்தருக்காகத்தானுங்க... இனிமே இந்த ஊட்டுக்குள்ள ஒரு பொட்டுச் சத்தம் வராதுங்க."