பன்னிரண்டு சிறப்பு விருந்தினர்கள்

"கடிதம் அடிச்ச மகராசி எங்கே? கரிமி! இங்க வாம்மா, உன் திருமுகத்தை எல்லாரும் பார்க்கட்டும்!"

கமிட்டித் தலைவர் கிட்டோங்கா மைக்கில் கத்தினார். சுகாதார நிலைய அலுவலகத்துக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கினோட்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். மேரு டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். கோளாறு பார்க்க வா என்று காலையில்தான் அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். போன மாதக் காற்றில் பிரசவ வார்டின் கூரை பறந்துவிட்டது. பிள்ளை பெற்றவள் குடையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். மழைக்காலம் வேறு வந்துவிட்டது. அதற்காகத்தான் இன்றைக்கு ஹராம்பே. ஊர் கூடி, ஆளுக்குக் கொஞ்சம் கூரைத் தகரம் கொடுக்க வேண்டும்.

ஹராம்பே என்றால் ஒரு சிறப்பு விருந்தினர் உண்டு. எல்லோரையும்விட அதிகமாகக் கொடுப்பது அவர் கடமை. அவரைவிடக் குறைவாகக் கொடுப்பது மற்றவர்கள் அவருக்குக் காட்டும் மரியாதை. இந்த மரியாதை விஷயத்தில் நம்ம ஊர்ப் பெரிய மனிதர்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. போன தடவை சிறப்பு விருந்தினர் பத்துத் தகரம் கொடுத்தார். மற்றவர்கள் மரியாதை பொங்கி வழிந்து, ஆளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தத் தடவை கம்ப்யூட்டர் காலை வாரிவிட்டது. ஒரே கடிதம், பன்னிரண்டு பேருக்கு. ஒவ்வொரு கடிதத்திலும் பெறுபவர் பெயரை மட்டும் கம்ப்யூட்டரின் மெயில் மெர்ஜ் வசதி மாற்றிப் போட வேண்டும். அது 'மதிப்பிற்குரிய' என்பதற்குப் பக்கத்தில் போட்டதோடு நிற்கவில்லை. கீழே 'சிறப்பு விருந்தினர்' என்ற இடத்திலும் அதே பெயரைப் போட்டுத் தள்ளிவிட்டது.

வந்த பன்னிரண்டு பேருமே சிறப்பு விருந்தினர்கள். லேஸ் துணி போர்த்திய நாற்காலியோ ஒன்றே ஒன்று.

தேயிலை ஆலை இயக்குநர் அதன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போதைக்காக மெல்லும் மிரா இலையை ஏற்றுமதி செய்பவர் இன்னொரு கையை. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி நாற்காலியைக் கைது செய்தவர் மாதிரி பின்னாலேயே நின்றார்.

கரிமி தலைகுனிந்து வந்தாள்.

"ரெண்டு வருஷமா டைப் அடிக்கிறே. ஒரு பேரை ஒரு இடத்துல போடத் தெரியாதா உனக்கு?"

"நான் சரியாத்தான் அடிச்சேன் ஐயா. மெஷின்தான்..."

"மெஷின் மேல பழியைப் போடாதே! அதுக்குத்தான் டவுன்லேர்ந்து ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன். மெஷின் மேல தப்பில்லேன்னு அவர் சொல்லட்டும், இன்னிக்கே நீ வீட்டுக்குப் போயிடலாம்!"

கரிமி முகத்தை மூடிக்கொண்டு அலுவலகத்துக்குள் ஓடிவந்தாள்.

கினோட்டி அதற்குள் கண்டுபிடித்திருந்தான். மெயில் மெர்ஜ் தன்னிஷ்டத்துக்கு எங்கேயும் பெயர் போடாது. இங்கே போடு என்று யாராவது இடம் காட்ட வேண்டும். இரண்டாவது இடத்தையும் யாரோ நிதானமாக உட்கார்ந்து காட்டியிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தான். சமர்த்தாக வேலை செய்தது.

"அக்கா, இது மெஷின் தப்பு இல்லையே..."

"அப்படிச் சொல்லிடாதீங்க தம்பி! இந்த வேலையும் போச்சுன்னா என் புள்ளைங்க கதி என்ன?"

கினோட்டிக்கு மனசு உருகிவிட்டது. அவனுக்குத் தங்கமான மனசு. அது அவனுக்கே நன்றாகத் தெரியும்.

வெளியே கிட்டோங்கா கும்பிட்டுக்கொண்டிருந்தார். "பெரியவங்களே, மன்னிக்கணும். யாரை உட்காரச் சொல்றதுன்னு எனக்குப் புரியல. நீங்களே பார்த்து ஒரு முடிவுக்கு வாங்க."

பன்னிரண்டு போன்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்தன.

"லாரியைத் திருப்பிக் கடைக்கு விடுடா! இந்தத் தகரம் பத்தாது!"

"இயக்குநர் எவ்வளவு சொன்னார்? அதுக்கு மேல அஞ்சு சேர்த்துக்கோ!"

"நான் பதவியில இருந்தப்ப இவனுங்க என் முன்னாடி உட்கார்ந்ததே இல்ல. நாப்பது எழுது!"

கினோட்டி நேரே போய் மைக்கைப் பிடித்தான். "ஐயா, நல்லாப் பார்த்துட்டேன். இது வைரஸ். பேரைக் கண்டா விடாது. இந்த அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

"வைரஸா!" என்று கிட்டோங்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "பொழைச்சுப் போ கரிமி. போய் டீயைப் போடு."

சாயங்காலம் போலீஸ் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். பிரசவ வார்டுக்கு மட்டுமல்ல, சமையலறைக்கும் சேர்த்து முற்றத்தில் தகரம் குவிந்திருந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

கரிமி டீயும் எண்ணெயில் பொரித்த மந்தாசியும் கொண்டுவந்து வைத்தாள்.

"பயப்படாதீங்க அக்கா," என்றான் கினோட்டி, ஒரு ஏழைக் குடும்பத்தை வாழவைத்த திருப்தியோடு. "யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியும். உயிரே போனாலும் வெளிய சொல்ல மாட்டேன்."

அவள் பதில் சொல்வதற்குள் கிட்டோங்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கினோட்டி எழுந்து கரிமிக்கு முன்னால் அரணாக நின்றுகொண்டான்.

தலைவர் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை.

"என்ன கரிமி, எப்படி இருந்துச்சு? தம்பிகூட நீ சொன்ன மாதிரியே உருகிப் போய்ப் பொய் சொல்லிட்டாரு பாரு!"

"அவர் நல்லாத்தான் செஞ்சாரு. நீங்கதான் சொதப்பிட்டீங்க," என்றாள் கரிமி, மந்தாசியைக் கடித்துக்கொண்டே. "என்னைத் திட்டும்போது சிரிக்காதீங்கன்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? முன்வரிசையில இருந்த பாதிரியார் பார்த்துட்டாரு ஐயா. ரெண்டே தகரத்தைப் போட்டுட்டு நழுவிட்டாரு!"