புதன்கிழமை பாட்டில்கள்

நாற்பத்தெட்டு பாட்டில்கள் இருக்க வேண்டிய அலமாரியில் நாற்பதுதான் இருந்தன.

பேராசிரியர் இன்னொரு முறை எண்ணினார். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'பூதக்கண்ணாடி' என்பார்கள். அது அவருக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. போன வருடம் கடையில் வாங்கிய மாடலுக்குப் பெயின்ட் அடித்துத் தானே செய்ததாகக் கொண்டுவந்த ஒருவனை, ஆணியைப் பார்த்தே பிடித்தவர்.

"தோத்தா பரவாயில்லை, பாஸ் போடுவேன். மறைச்சா பூஜ்யம்." முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவார். பூஜ்யம் வாங்கினால் ஒரு வருடம் போச்சு.

அலமாரிக்குச் சொந்தக்காரி கடைசி வருட மாணவி. டிசைன் கல்லூரியின் சாயப் பட்டறையில் கழுவிய தண்ணீரெல்லாம் இத்தனை வருடமாகப் பின்பக்கக் குளத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் பட்டறைத் தொட்டிக்கு அடியில் கரியும் மணலும் அடுக்கி ஒரு வடிகட்டிப் பெட்டி பொருத்தினாள். அதுதான் அவள் புராஜெக்ட். தினமும் மாலை குளத்தில் குழாய் கொட்டும் இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, தேதி ஒட்டி அடுக்குவாள். கூடப் படிக்கிறவர்கள் அவளுக்கே 'பாட்டில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எட்டு வாரம், வாரத்துக்கு ஆறு நாள். இருந்த நாற்பதிலும் தண்ணீர் பளிச்சென்று தெளிவாக இருந்தது. இல்லாத எட்டும் புதன்கிழமை.

போன வாரமே கேட்டுப் பார்த்தார். "புதன்கிழமை எடுக்கலை சார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். தரையைப் பார்த்துப் பேசுகிறவர்களை அவர் நம்புவதில்லை.

நேற்றும் புதன்கிழமை. நீலச் சாயம் கலக்கிக் காட்டும் வகுப்பை முடித்துவிட்டு, அவர் தன் அறை வாஷ்பேசினில் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டி வந்ததிலிருந்து பட்டறைத் தொட்டியில் தண்ணீர் ஆமை வேகத்தில்தான் இறங்குகிறது. மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. இந்தக் குறைக்கும் இரண்டு மார்க் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார்.

குளத்தங்கரையில் அவள். குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினாள்.

எடுக்கலை என்றவள் எடுக்கிறாள். பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது என்று அவருக்கு ஒரே திருப்தி. கிண்ணத்தை இன்னொரு தடவை நன்றாக அலசிக் கவிழ்த்தார்.

இன்று வெளியிலிருந்து தேர்வாளர் அம்மா வந்திருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார், பாட்டில்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மனம்விட்டுப் பாராட்டினார்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றார் பேராசிரியர். "புதன்கிழமை பாட்டில் எங்கேன்னு கேளுங்க."

மேசைக்குக் கீழே இருந்த துணிப்பையை அந்த மாணவியின் கால் மெல்லப் பின்னால் தள்ளியது. பூதக்கண்ணாடிக்கு அது தப்புமா?

"பையில என்னம்மா?"

"வேண்டாம் சார். விட்டுடுங்க."

அவரே குனிந்து பையை எடுத்தார். எட்டு பாட்டில்கள், எட்டிலும் கலர் தண்ணீர். அவளுடைய பெட்டி வாரத்துக்கு ஒரு நாள் வேலை செய்யவில்லை, அதை இத்தனை நாள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று தேர்வாளரிடம் விளக்கியபடியே, தேதி பார்த்து ஒவ்வொன்றாக மேசைமேல் வரிசையாக வைத்தார்.

முதல் வாரம் மஞ்சள். இரண்டாவது ஆரஞ்சு. மூன்றாவது சிவப்பு. நான்காவது பச்சை.

ஐந்தாவதை எடுத்தபோது கை தயங்கியது. பழுப்பு. அடுத்து ஊதா, கறுப்பு. கடைசியாக நேற்றைய பாட்டிலை அவர் வைக்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நீலம்.

தேர்வாளர் குழம்பினார். "பட்டறைத் தண்ணின்னா எல்லாக் கலரும் கலந்து சேறு மாதிரி இருக்கணுமே. இது வாரத்துக்கு ஒரு கலரா இருக்கு. வேற ஏதாவது குழாய் சேருதான்னு பார்த்தியாம்மா?"

அவள் ஒரு கணம் பேராசிரியரின் கையைப் பார்த்தாள். பிறகு சட்டென்று தரையைப் பார்த்தாள்.

"பார்த்தேன் மேடம். ஒண்ணும் தெரியலை. என் பெட்டியோட குறைன்னே எழுதிக்குங்க."

தேர்வாளர் பெருமூச்சுவிட்டுப் பேனாவைத் திறந்தார். "மறைச்சா பூஜ்யம்னு உங்க விதி இருக்காமே சார். போட்டுடலாமா?"

மஞ்சளில் ஆரம்பித்து எட்டு புதன்கிழமைகள் பேராசிரியர் நடத்திய பாடம், வரிசை மாறாமல் மேசைமேல் நின்றுகொண்டிருந்தது. தன் ஆசிரியரின் மானத்தைக் காப்பாற்ற இந்தப் பெண் ஒரு வருடத்தை விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு அவமானத்தில் உடம்பே கூசியது.

"என் அறை வாஷ்பேசின் தண்ணி அவ பெட்டி வழியா போறதில்லை மேடம், நேரா அதே குழாய்ல சேர்ந்து குளத்துக்குப் போகுது" என்றார். "பூஜ்யம் போடுங்க. ஆனா அவளுக்கு இல்லை."

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, நகக்கண்களில் நேற்றைய நீலம் இன்னும் போகாத பத்து விரல்களையும் மேசைமேல் விரித்து வைத்தார்.