முள் காட்டிய பக்குவம்

சண்டே பஜாரில் வாங்கிய பழைய விமான மீட்டரை டிரைவர் எத்திராஜ் நீட்டியதும், லாரி முதலாளி தியோடர் முறைத்தார்.

“இது எதுக்குய்யா?”

“எஞ்சின் புகை போற எக்ஸாஸ்ட் குழாயோட சூட்டைக் காட்டும் சார். போன வாரம் அத்திபெலே போறதுக்குள்ள சூடு எக்கச்சக்கமா ஏறி எல்லாம் பாழாப்போச்சு. எனக்கு மனசே ஆறல.”

எஞ்சினுக்காக இப்படி உருகும் டிரைவர் வேறு யாருக்கு வாய்ப்பான்! தியோடர் உடனே மாட்டச் சொன்னார். மறுநாள் தானும் லாரியில் தொற்றிக்கொண்டார்.

ஓசூர் ரோடு நெடுக எத்திராஜுக்கு ஒரு கண் ரோட்டில், ஒரு கண் மீட்டரில். முள் ஏறினால் மிதியைத் தளர்த்தினான். இறங்கினால் லேசாக அழுத்தினான். மாட்டு வண்டிகூட முந்திப் போனது. அவன் சட்டை செய்யவில்லை.

தியோடருக்குப் பெருமை தாங்கவில்லை. “உன்னை மாதிரி எஞ்சினைப் பாத்துக்கிறவன் பெங்களூர்லயே இல்லைய்யா!”

அத்திபெலேயில் ஓரங்கட்டிய எத்திராஜ் பானெட்டைத் திறந்தான். எக்ஸாஸ்ட் குழாயின் மேல் கம்பியால் கட்டியிருந்த தகர டப்பாவைத் துணியால் பிடித்து எடுத்து, மூடியை நெம்பினான். ஆட்டுக்கறி வாசனை ரோட்டையே தூக்கியது.

“சாப்பிடுங்க சார். போன வாரம் மாதிரி தீயல, பஞ்சா வெந்திருக்கு!”

தியோடர் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

“ஏன்யா எத்திராஜ், கோழின்னா முள் எங்கே நிக்கணும்?”