பிரிகேடியரின் தியாகம்

சுவரில் இருந்த ஆணித்துளைகளை நான் பற்பசையால் அடைத்துக்கொண்டிருந்தேன்.

ராணுவ வீட்டைக் காலி செய்யும் எல்லா மனைவிகளுக்கும் தெரிந்த வித்தை இது. சோதனைக்கு வருபவர் அடுப்புக்குள் விரலை விட்டுப் பார்ப்பார், சுவரைத் தடவிப் பார்ப்பார். பற்பசை காய்ந்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. புதினா வாசனைதான் காட்டிக்கொடுக்கும். அதற்காக ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தேன்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்து வீட்டு ஃபெனெல்லா. அவள் கணவன், என் கணவன் டங்கனுக்குக் கீழே வேலை பார்க்கும் கர்னல். ராணுவத்துக்கு வாழ்க்கைப்பட்டு அவளுக்கு இரண்டு வருடம்தான் ஆகிறது. இன்னும் எல்லாவற்றுக்கும் ஆச்சரியப்படுவாள்.

"சேதியே இன்னும் வரல. அதுக்குள்ள மூட்டை கட்டணுமா பிப்?"

"வந்தப்புறம் கட்டுறதுக்கு யாரு நேரம் குடுப்பாங்க?"

சேதி இன்றைக்கு வரும். டங்கன் பிரிகேடியர். அடுத்து மேஜர் ஜெனரல் ஆவான் என்பதில் இந்த முகாமில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மெஸ் சமையல்காரர்கூட முன்கூட்டியே என் கையைக் குலுக்கியிருந்தார். எந்த ஊர் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி.

எனக்கு இருந்த கேள்வி வேறு. அடுத்த கிராமத்துப் பள்ளி என்னைத் தலைமை ஆசிரியையாகத் தேர்ந்தெடுத்திருந்தது.

ஜெர்மனியில், சைப்ரஸில், இங்கிலாந்தின் வடக்கே கேட்டரிக்கில், எந்த ஆசிரியைக்காவது பிரசவம் என்றால் அந்த வகுப்பில் போய் நிற்பவளாகவே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பிள்ளைகளின் பெயர்கள் மனதில் பதியும் நேரத்தில் சாமான் ஏற்றும் லாரி வாசலில் நிற்கும். முதல்முறையாக ஒரு பள்ளி என்னை, என் பெயரைச் சொல்லி, வா என்றது. பதில் சொல்ல இன்று கடைசி நாள்.

டங்கனிடம் சொன்னபோது "பிரமாதம்!" என்றான், யாருடைய குதிரையோ பந்தயத்தில் ஜெயித்ததைக் கேட்டவன் போல. அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி.

சமவெளியில் பீரங்கி சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிகள் அதிர்ந்தன. ஃபெனெல்லா மட்டும் திடுக்கிட்டாள்.

கார் வந்து நின்றது.

மாற்றல் சேதியோடு வரும் நாட்களில் அவன் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருவான். மேசையில் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் என் கோப்பைகளை வைத்து, "இதோ, இங்கதான் நம்ம வீடு" என்று விரலை ஊன்றுவான். அந்த விரலைக் கடித்துவிடலாமா என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றியிருக்கிறது.

இன்று கையில் வரைபடம் இல்லை. மிதியடியில் பூட்ஸை நிதானமாகத் துடைத்தான். வெளியே மழையே இல்லை.

"என்ன ஜெனரல் சார், சல்யூட் வைக்கலாமா?" ஃபெனெல்லா விறைப்பாக நின்று நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"கையை இறக்கும்மா. வேணாம்னு சொல்லிட்டேன்."

நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன்.

"பிப்புக்கு ஸ்கூல் கிடைச்சிருக்கு. இத்தனை வருஷம் என் பின்னாடியே பெட்டி தூக்கினா. இந்தத் தடவை நான் நிக்கிறேன், அவ போகட்டும்னு சொல்லிட்டேன்."

அணிவகுப்பின் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில்தான் சொன்னான். கண் மட்டும் அடுப்பின் மேல் இருந்த கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஃபெனெல்லா அழுதேவிட்டாள். "எங்க ஆளு எனக்காக ஒரு கோல்ஃப் ஆட்டத்தக்கூட விட்டதில்ல, பிப்!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பதவி உயர்வு வேண்டாம் என்பவர்கள் ராணுவத் தேர்வுக்குழு கூடுவதற்கு முன்பே சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். கூடிய பிறகு யாரும் உங்களைக் கூப்பிட்டு விருப்பமா என்று கேட்பதில்லை. பெயர் வரும், இல்லையென்றால் வராது. இத்தனை வருடம் இவனோடு குடித்தனம் செய்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

இவன் பெயர் வரவில்லை.

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். கட்டிக்கொண்டிருப்பேன். கதவைச் சாத்திவிட்டு இருவரும் ஒரு பாட்டிலைக் காலி செய்திருப்போம். அதை விட்டுவிட்டு, ஊர் கேட்க, தோல்வியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டான். இனி ஒவ்வொரு விருந்திலும் யாராவது என் காதருகே குனிந்து, உனக்காக எவ்வளவு பெரிய பதவியை விட்டார் என்பார்கள். நான் நன்றியோடு சிரிக்க வேண்டும். இவனுக்காக நான் விட்டவை பற்றி ஒருவரும் எந்த விருந்திலும் குனிந்து பேசியதில்லை.

ஒரு வாக்கியம் போதும், இப்போதே உடைத்துவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

டங்கன் கெட்டிலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். இவன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அதனால் அது என்ன பார்வை என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

"எப்ப சேரப்போற?" ஃபெனெல்லா மூக்கைத் துடைத்தபடி கேட்டாள்.

"செப்டம்பர்ல" என்றேன்.

காலையில் அவன் கார் தெருமுனை திரும்பியதுமே பள்ளிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தேன். மன்னிக்க வேண்டும், கணவருக்கு மாற்றல், வர இயலாது என்று சொன்னேன். சற்று நேரத்தில் அவர்களே திரும்ப அழைத்தார்கள். எனக்கு அடுத்ததாக இருந்த பெண் உடனே சம்மதித்துவிட்டாராம். நான் எதற்கும் கவலைப்பட வேண்டாமாம்.