மறுதொடக்கம் வேண்டாம்

தலைக்குள் சில்லு வைத்த பிறகு, அப்பாவின் சிந்தனை எங்காவது சிக்கி நின்றால் அதிலுள்ள காவல் டைமர் உடனே அவரை மறுதொடக்கம் செய்துவிடும். கடைசியாக அவர் காதில் விழுந்தது மட்டும் அழிந்துபோகும்.

"அப்பா, நான் ஜோயலைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்," என்று நிறைமதி மறுபடியும் சொன்னாள்.

காபி டம்ளரோடு அவர் உறைந்தார். பிறகு கண் சிமிட்டினார்.

"என்னம்மா, ஏதோ சொல்ல வந்தியே?"

"இப்படியே போனா உனக்கு நேரா அறுபதாம் கல்யாணம்தான்டி," என்றாள் அம்மா. "டைமரை நிறுத்திட்டுச் சொல்லு."

"அப்புறம் அவர் திரும்பி வரலேன்னா?"

"சொன்னது உள்ள இறங்க வேண்டாமா?"

நிறைமதி டைமரை நிறுத்திவிட்டுச் சொன்னாள். அப்பா உறைந்தார். காபியில் ஆடை படிந்தது. பயந்துபோய் அவர் பிடரியிலிருந்த மறுதொடக்கப் பொத்தானைத் தொடப் போனவளின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் அப்பாவின் தொண்டை அசைந்தது.

"பையன் என்ன வேலை பாக்குறான்?"